ஒன்பது நாள் அட்டெண்டர்

என் தம்பி சேகரின் நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்ய மதுரையில் டாக்டர் இருந்தார், மெஷின் இருந்தது, அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தது, கட்டில்கூடக் காலியாக இருந்தது. கூட இருக்க ஒரு ஆள்தான் இல்லை. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனோடு செல்லூர் தறிப் பட்டறையில் வேலை பார்க்கும் நாலு பேர் போய் நின்றிருக்கிறார்கள். ரத்த சொந்தம் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு, டிஸ்சார்ஜ் வரை கூடவே இருந்தால்தான் அட்மிஷன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நான், ஒன்பது நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

டிப்போ மேனேஜர் நல்ல மனிதர். "தம்பிக்கு ஆப்பரேஷன், வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீ போய் அங்கே என்ன செய்வாய்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. "உட்கார்ந்திருப்பேன்" என்றேன். அதற்கு ஒன்பது நாளா என்பதுபோலப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை மதுரையில் இறங்கினேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "எந்த ஆஸ்பத்திரிண்ணே?" என்றார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"ஃபாரின்லருந்து தனியா வாரீக. பொட்டி சின்னது. அப்படின்னா ஒண்ணு சாவு, இல்லாட்டி ஆஸ்பத்திரி. சாவுன்னா இந்நேரம் அழுதுருப்பீக."

காளவாசல் சிக்னலில் அவருடைய ஆட்டோவுக்கு கிளட்ச் ஒயர் அறுந்துபோனது. பின்னால் நின்ற பஸ்ஸும் லாரியும் சேர்ந்து அடித்த ஹாரனில் எனக்குக் காது அடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஹாரன் அடிக்காமல் பஸ் ஓட்டிய பாவம் அன்று மொத்தமாகத் தீர்ந்தது. மிச்ச தூரத்தைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சேகர் ஒரு மஞ்சள் பையோடு நின்றிருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "இம்புட்டுத் தூரம் எதுக்குண்ணே வந்த?" என்றான். அவன்தான் வரச்சொல்லிப் போன் பண்ணியவன். எங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான். கூப்பிட்டுவிட்டு ஏன் வந்தாய் என்பார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் அவனிடம் எதுவுமே கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் எனக்குத்தான். பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும், சொந்த அண்ணனா, பெரியப்பா மகனா, ஆதார் இருக்கா. ஆதார் இல்லை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்தான் இருக்கிறது என்றேன். அவள் தயங்கினாள். பக்கத்தில் நின்ற செக்யூரிட்டிதான் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் மூக்கப் பாரு தாயி. எழுதிக்க." எழுதிக்கொண்டாள். தம்பியின் கையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினார்கள், என் கழுத்தில் நீல நிற அட்டெண்டர் பாஸ் தொங்கியது. அவனாவது வளையத்தை மறந்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். என் பாஸ் தொலைந்தால் லிஃப்டில்கூட ஏற முடியாது.

உட்கார்ந்திருப்பேன் என்று மேனேஜரிடம் சொன்னது பொய்யாகப் போயிற்று. நர்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்தால் கீழே பார்மசியில் வரிசையில் நின்று மருந்து வாங்கி வர வேண்டும். மேலே வந்ததும் இன்னொரு சீட்டு தயாராக இருக்கும். ஸ்கேன் அறைக்கு வீல்சேரைத் தள்ள வேண்டும், ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், எத்தனை மணிக்கு எத்தனை தடவை சிறுநீர் போனான் என்று சொல்ல வேண்டும். நர்ஸ் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, ஒரு தளத்துக்கு மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அட்டெண்டர் என்பவர் சம்பளம் வாங்காத ஊழியர் என்பது முதல் நாளே புரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் என் பாதம் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காப்பீட்டு அனுமதி வரவில்லை. சென்னையிலிருந்து வர வேண்டுமாம், திங்கள்தான் வருமாம். கேன்டீன் பொங்கல் களியாக இருந்தது. வாசலில் தள்ளுவண்டிக்காரர் விற்ற பருத்திப்பால்தான் வயிற்றைக் காப்பாற்றியது. அதைக் குடித்துவிட்டுத் தரைத்தளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போலவே கழுத்தில் நீல அட்டையோடு நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள்.

பக்கத்தில் ரெவின்யூ ஆபீசில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவர் மனைவி மூன்றாம் மாடியில் இருந்தார். எதிரே பேரையூர்ப் பக்கமிருந்து வந்த இரும்புக்கடைக்காரர், அவருடைய மாமனாருக்குக் கிட்னி. இரண்டு பேரும் காலையிலிருந்து ஒரே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கவர்மெண்டு இந்தக் காப்பீட்டுப் பணத்த தனியாருக்கு அள்ளிக் குடுக்கறதுக்குப் பதிலா, அம்புட்டையும் கவர்மெண்டு ஆஸ்பத்திரிலயே போட்டா என்ன? கட்டடம் கட்டு, ஆளப் போடு. நம்ம காசு நம்மகிட்டயே இருக்கும்ல?" என்றார் பெரியவர்.

"போட்டா? கட்டடம் வரும். உள்ள ஆள் வரணும்ல. என் மாமனாருக்கு இன்னைக்கு வலிக்குது. நீங்க கட்டி முடிக்கிற வரைக்கும் கிட்னி காத்துக்கிட்டு இருக்குமா? யாரு ஆஸ்பத்திரியா இருந்தா என்ன, பாத்தாச் சரி."

"பாக்கறதுக்கு லிஸ்டுல இருக்கற நோயா வரணுமே. லிஸ்டுல இல்லாத நோய் வந்தா?"

"அப்படிக் கெட்ட நேரம் இருந்தா என்ன செய்ய?"

நான் இங்கிலாந்திலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார்கள். அங்கெல்லாம் எல்லாமே இலவசமாமே, நிஜமா? நிஜம் என்றேன். பெரியவர் முகம் மலர்ந்தது. என் இடுப்பு மூட்டை மாற்ற நான் பதினோரு மாதம் காத்திருந்தேன், அதுவரை பஸ் ஓட்ட முடியாமல் டிப்போவில் சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டிருந்தேன் என்றேன். இப்போது இரும்புக்கடைக்காரர் முகம் மலர்ந்தது. முறை வந்த பிறகு ஒரு குறையும் இல்லை, கோடீஸ்வரனுக்கும் எனக்கும் அதே கத்திதான் என்றேன். மறுபடி பெரியவர். அங்கேயும் டிப்போ கேன்டீனில் இதே சண்டைதான் நடக்கிறது, வரியைக் கூட்டு என்று ஒருவன், தனியாரிடம் கொடு என்று இன்னொருவன் என்று முடித்தேன். இருவரும் ஒரே நேரத்தில் என்மேல் நம்பிக்கை இழந்து, தங்கள் சண்டைக்குத் திரும்பினார்கள். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

திங்கட்கிழமை மதியம் அனுமதி வந்தது. கூடவே நர்ஸ் இன்னொன்றும் சொன்னாள். "நாலு யூனிட் ரத்தம் சார். டோனர்ஸ் கூட்டிட்டு வந்துருங்க. எந்த குரூப்னாலும் சரி."

எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஆப்பரேஷனுக்கு வேண்டிய ரத்தம் ரத்த வங்கியில் இருக்கிறது. அதை எடுத்தால் அந்த அளவுக்கு நாம் ஆள் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். இங்கிலாந்தில் எனக்கு ஏற்றிய ரத்தம் யாருடையது என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பாக்கெட் பால் எந்த மாட்டுப் பால் என்று யார் யோசிக்கிறார்கள்? இங்கே ஆள் பிடிக்க வேண்டும். நானே தருகிறேன் என்று முதல் ஆளாகப் போய்ப் படுத்தேன். பிரஷர் பார்த்த பையன், "சார், உங்களையே அட்மிட் பண்ணணும்போல இருக்கு" என்று எழுப்பி அனுப்பிவிட்டான்.

செல்லூருக்குப் போனேன். சந்துக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் தரையில் அதிர்ந்தது. பட்டறைக்குள் யார் பேசினாலும் கேட்காது என்பதால் அங்கே எல்லாரும் கை ஜாடையில்தான் பேசுவார்கள். நான் என் முழங்கை மடிப்பைத் தொட்டு, ஊசி குத்துவதுபோலக் காட்டி, நாலு விரலை விரித்தேன். ஃபிட்டர் சிக்கந்தர் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். அத்தனை தறியும் நின்றது. சேகருக்கு இருபது வருட சிநேகிதர் அவர். என்னைத் தேடிப் பிடித்துப் போன் நம்பர் வாங்கிச் சேகரைப் பேச வைத்ததும் அவர்தான்.

"எத்தன பேருண்ணே வேணும்?"

"நாலு பேர் தேறினாப் போதும்."

"அப்ப எட்டுப் பேரக் கூட்டிட்டுப் போவம். இவய்ங்கள்ல பாதி தேறாது."

அவர் சொன்னது சரியாக இருந்தது. ஒருவனுக்கு எடை இல்லை, இரண்டு பேருக்கு ரத்தத்தில் சத்து இல்லை. நல்ல பயில்வான் மாதிரி இருந்த பாண்டியை, நேற்றுக் குடித்தீர்களா என்று கேட்டார்கள். அவன் பொய் சொல்லத் தெரியாமல், "நேத்துன்னா எத்தன மணிக்குப் பெறகு?" என்று கேட்டு மாட்டிக்கொண்டான். சிக்கந்தரையும் சேர்த்து நாலு பேர் தேறினார்கள். அதில் ராஜாங்கம் என்பவர் கூட்டத்தோடு வராமல் தனியாகத் தன் சைக்கிளில் வந்து, யாரோடும் பேசாமல் கொடுத்துவிட்டு, பிஸ்கட்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். அவருக்கும் சேகருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை, ஒரு தறியை யார் ஓட்டுவது என்பதில் வந்த தகராறு என்று சிக்கந்தர் சொன்னார்.

மற்ற மூன்று பேரும் பாண்டியைச் சேர்த்துக்கொண்டு என்னை நேராக ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுவரொட்டி வறுவல் தின்றால் போன ரத்தம் உடனே ஊறிவிடும் என்பது மதுரையின் அசைக்க முடியாத மருத்துவம். ஆட்டின் மண்ணீரல் அது. மூன்று பேர் ஊறவைத்த ரத்தம் முப்பது பேருக்குப் போதும். ஒரு சொட்டும் கொடுக்காத பாண்டிதான் அதிகம் தின்றான்.

செவ்வாய்க்கிழமை என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். சர்ஜன் என் வயதுக்காரர், அவர் கண்ணிலும் தூக்கம் இல்லை. ஒரு தாளில் இதயம் வரைந்து மூன்று இடத்தில் பேனாவால் அடைத்துக் காட்டினார். "அடைப்பு மட்டும்னா பரவாயில்ல சார். பம்பிங்கும் கம்மியா இருக்கு. பண்ணலேன்னா இன்னொரு அட்டாக் தாங்க மாட்டார். பண்ணும்போதும் ரிஸ்க் மத்தவங்களவிட ஜாஸ்திதான். டேபிள்லயே ஏதாவது ஆகலாம். அதை நீங்க தெரிஞ்சுக்கணும்."

"இதை என் தம்பியிடம் சொல்லிவிட்டீர்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சின்ன ஆப்பரேஷன்னு சொல்லிருக்கோம். பேஷண்ட்கிட்ட எதுக்கு? பயந்துருவார். ஃபேமிலிக்குச் சொல்லுவோம், நீங்க முடிவு பண்ணுங்க."

இங்கிலாந்தில் என் இடுப்புக்கு முன்பு ஒரு சின்னப் பெண் டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, என்னென்ன தப்பாகப் போகலாம் என்று மரணம் உட்பட ஒரு பக்கம் முழுக்கப் படித்துக் காட்டி என்னிடம்தான் கையெழுத்து வாங்கினாள். என் மனைவி கேட்டிருந்தால்கூட என் சம்மதம் இல்லாமல் சொல்லியிருக்க மாட்டாள். அது எனக்கு அன்று பிடிக்கவில்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடம் ஒரு ஊரில் இருந்தால் அந்த ஊர் நியாயம் உடம்பில் ஊறிவிடுகிறது. "அவன் நெஞ்சு டாக்டர். அவனுக்குத் தெரியாமல் நான் எப்படி முடிவு செய்வது?" என்றேன்.

"உங்க இஷ்டம். சொல்றதா இருந்தா நீங்களே சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார்.

சொன்னேன். ஆறு கட்டில் உள்ள வார்டில், பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போது, தாளை விரித்து டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். எனக்கும் இடுப்பில் ஆப்பரேஷன் நடந்தது, எனக்கும் இப்படித்தான் தாளைப் படித்துக் காட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை பார் என்றும் சொன்னேன். அதை அவனுக்கு அதுவரை நான் சொன்னதே இல்லை. அவன் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப டேபிள்லயே போயிருவேனா?"

"அப்படி இல்லடா. ஆகலாம்னு..."

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றான். சொன்னதோடு நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்து சோப்பு டப்பாவை உள்ளே வைத்தான். நர்ஸ் வந்தாள், தலைமை நர்ஸ் வந்தார், யார் சொல்லியும் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஆப்பரேஷன் தேதி கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்த தேதி இரண்டு வாரம் கழித்துத்தான், அப்போது நான் இருக்க மாட்டேன், நான் இல்லையென்றால் அட்மிஷன் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் பார்க்க வந்த சிக்கந்தர் என்னை லிஃப்ட் ஓரமாகக் கூட்டிப் போய் விளாசிவிட்டார். "ஏண்ணே, படிச்சவுக நீங்க. அவன்கிட்டப் போய் இதச் சொல்லலாமா? ஆஸ்பத்திரிலயே சொல்லாம வச்சிருக்காய்ங்க. நீங்க எதுக்கு வந்தீக, அவனக் கூட இருந்து பாக்கவா, இல்ல பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்பவா?" சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அன்று அந்தச் சரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தம்பியைக் கொல்லவா விமானம் ஏறி வந்தோம் என்று கேட்டுக்கொண்டேன்.

புதன் காலை சேகர் என்னோடு பேசவில்லை. என் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வெளியே போகிறேன் என்று நர்ஸிடம் தாள் கேட்டிருந்தான். டாக்டர் சாயங்காலம் வந்ததும் தருகிறோம் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். பாண்டி பைக்கோடு வந்து நின்றான். "ஏறுங்கண்ணே, அழகர்கோவிலுக்கு. ரத்தந்தேன் குடுக்க முடியல. கருப்பன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம்."

எனக்கு நம்பிக்கை ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஆனால் அந்த நாற்காலியிலிருந்து எழ ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அழகர்கோவில் ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பின் மூடிய கதவுக்கு முன்னால் நின்று பாண்டி வாய்விட்டே பேசினான்: "அவன் மனச மாத்து சாமி. நான் இனிமே..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மட்டுந்தேன் குடிப்பேன்" என்று முடித்தான். கருப்பிடம் பொய் சொன்னால் விடமாட்டார் என்று அவனுக்குத் தெரியும், அதனால் தன்னால் முடிந்ததை மட்டும் சொன்னான். திரும்பும் வழியில் அப்பன்திருப்பதி தாண்டிப் பின் டயர் பஞ்சர். அரை மணி நேரம் வண்டியைத் தள்ளினோம். என் புது இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. பழைய முழங்கால்தான் அழுதது.

நாங்கள் வார்டுக்குள் நுழைந்தபோது சிக்கந்தர் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். சேகர் சட்டையை மாற்றிக்கொண்டு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"போ மாப்ள, தாராளமாப் போ. நாலு பேரு ரத்தம் குடுத்துருக்கோம். அத யாருக்கு ஊத்த?" என்றார் சிக்கந்தர்.

"நான் கேட்டனா? ஒங்கள யாரு குடுக்கச் சொன்னது?"

"நீ கேக்கல. நானு, கண்ணன், மணி, ராஜாங்கம், நாங்களாத்தேன் குடுத்தோம்."

சேகர் சட்டென்று நிமிர்ந்தான். "யாரு?"

"ராஜாங்கம்."

"அவனா? அவன் எதுக்குக் குடுத்தான்?"

"அத அவன்கிட்டத்தேன் கேக்கணும். சைக்கிள்ள வந்தான், குடுத்தான், போயிட்டான்."

சேகர் மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு, "அவன் ரத்தத்த வாங்கிட்டு நான் பயந்து வீட்டுக்குப் போயிட்டேன்னா, சாகற வரைக்கும் அதச் சொல்லியே சிரிப்பாண்ணே" என்றான். அன்று என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "அவன் ரத்தம் என் ஒடம்புல ஓடப்போகுதா? கருமம்." சொல்லிக்கொண்டே காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தான்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு உண்மை தெரியும். ராஜாங்கம் கொடுத்த ரத்தம் வங்கிக்குப் போய்விட்டது. சேகருக்கு ஏறப்போவது வேறு யாரோ, எப்போதோ கொடுத்தது. நேற்றைய நானாக இருந்தால் அதையும் விளக்கமாகச் சொல்லியிருப்பேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சிக்கந்தருக்கும் அது தெரியும் என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கையெழுத்துத் தாள் வந்தது. நர்ஸ் பேனாவை என்னிடம் நீட்டினாள். சேகர் கையை நீட்டினான். "குடும்மா, நானும் போடுறேன். எனக்குத்தேன் எல்லாம் தெரியுமே." அவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவன் பெயரை முழுசாக, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல எழுதினான். கீழே நான் போட்டேன்.

ஆறு மணி நேரம். ரெவின்யூ பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரும்புக்கடைக்காரர் ஒரு பொட்டலம் மிக்சர் கொண்டுவந்து மடியில் வைத்தார். அன்று அவர்கள் சண்டை போடவில்லை. சிக்கந்தர் மதிய லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். பாண்டி வாசலுக்கும் லிஃப்டுக்கும் நடந்துகொண்டே இருந்தான். எனக்கு அங்கிருந்த எதுவும் கண்ணில் படவில்லை. சின்ன வயதில் சேகர் கிணற்றில் விழுந்தபோது நான் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

ஒன்றரை மணிக்கு சர்ஜன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். "நல்லா முடிஞ்சுது. நாளைக்குக் காலையில முழிப்பார்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் விட்டுவைத்துவிட்டு, மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு அடுத்த நோயாளியின் ஆட்களைத் தேடிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் மட்டும் பார்க்க விட்டார்கள். குழாய்களுக்கு நடுவில் கண்ணை மட்டும் அசைத்தான். மூன்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், மூன்று தடவை வரிசையில் நின்றேன். நின்றுகொண்டே தூங்க முடியும் என்று அன்று கண்டுபிடித்தேன்.

சனிக்கிழமை மதியம் அவனை ஐசியுவிலிருந்து பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். மறுநாள் விடிந்தால் எனக்கு விமானம். டிஸ்சார்ஜுக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். ரத்த சொந்தம் இல்லாமல் எப்படி என்று வரவேற்புப் பெண் இழுத்தாள். செக்யூரிட்டி மறுபடி குறுக்கிட்டார்: "அந்த ஃபிட்டர் பாய் ரத்தம் குடுத்துருக்காருல்ல? அப்பறம் ரத்த சொந்தமில்லாம என்ன தாயி?" அவளுக்கு மறுக்கத் தெரியவில்லை. நீல அட்டையைக் கழற்றி சிக்கந்தர் கழுத்தில் மாட்டினேன். ராத்திரிக்கு மணியும் பாண்டியும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. ராஜாங்கமும் ஒரு நாள் கேட்டிருக்கிறாராம், அதைச் சேகரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

விடைபெறப் போனேன். நெஞ்சில் தலையணையை அணைத்தபடி சாய்ந்திருந்தான். இருமினால் வலிக்கும் என்று அப்படிப் பழக்கியிருந்தார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அண்ணே, ஒனக்கு இடுப்புல ஆப்பரேஷன்னு சொன்னீல்ல. எப்ப?"

"மூணு வருசம் ஆச்சுடா."

"எங்ககிட்டச் சொல்லவே இல்ல."

"சொல்லி என்ன செய்ய? அம்புட்டுத் தூரம்."

"கூட யாரு இருந்தா?"

"அங்க யாரும் இருக்க வேண்டியதில்லடா. மருந்து, சாப்பாடு, தொடச்சு விடுறது, அம்புட்டையும் அவுகளே பாத்துக்கிடுவாக. ரத்தத்துக்குக்கூட யாரையும் கேக்க மாட்டாக. ஒரு குறையும் சொல்ல முடியாது."

"மதினி?"

"வேலைக்குப் போயிருந்துச்சு. மறுநாள் சாயங்காலம் வந்து பாத்துச்சு."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஓய்வு வேண்டியிருந்தது.

"அப்ப, அந்தத் தாளப் படிச்சுக் காட்டுனாகன்னு சொன்னியே, செத்துருவன்னு. அன்னைக்கு ராவு நீ மட்டுமா படுத்திருந்த?"

"ஆமா."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையணையிலிருந்து ஒரு கையை எடுத்து, ஊசி குத்திக் கன்றிப்போயிருந்த அந்தக் கையால், என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பாவம்ண்ணே நீ" என்றான்.

மார்பில் ஒரு சாண் தையலோடு படுத்திருந்தவன் அதை என்னைப் பார்த்துச் சொன்னான். அவன் முன்னால் அழக்கூடாது என்று, மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன். கையில் சீட்டு எதுவும் இல்லை. இருந்தாலும் வரிசையில் போய் நின்றேன்.